பட்டும் ஐம்பொன்னும் எடுக்க மீடியம் ஃபார்மட் டிஜிட்டல்: சென்சார் எங்கே கைவிடும்?

அரசலாறு (கும்பகோணம்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பா காலத்திலிருந்து கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் எடுக்கிறேன். ஆனால் கடந்த ஏழு வருடமாக வீட்டுக்குச் சோறு போடுவது மூன்று பொருள்கள்தான்: திருபுவனம் பட்டுப் புடவை, சுவாமிமலை ஐம்பொன் சிலை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு. நெசவாளர்களும் பட்டறைக்காரர்களும் கேட்லாக் போட, வெளியூர் ஆட்களுக்கு அனுப்ப, என்னிடம் வருகிறார்கள். கையில் இருப்பது 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் பாடி.

போன மாதம் சுவாமிமலையில் ஒரு ஸ்தபதி, வெளிநாட்டுக் கோயிலுக்குப் போகும் நடராஜரைப் படம் எடுக்கச் சொன்னார். சிலை கப்பல் ஏறியபிறகு பட்டறைச் சுவரில் நாலடி உயரத்துக்கு அதன் படம் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எடுத்துக் காட்டினேன். முகத்தைப் பெரிதாக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "புருவத்துல நான் போட்ட உளிக்கோடு எங்கப்பா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாலடிக்கு 6000 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 125தான் வருகிறது. தூரத்தில் நின்று பார்த்தால் போதும். ஆனால் வேலை செய்த ஆள் கிட்டே வந்துதானே பார்ப்பார்?

பட்டில் வேறு தொல்லை. முந்தானையை முழுதாக எடுக்கும்போது, ஜரிகைக்குப் பக்கத்தில் வெறும் நெசவு வரும் இடத்தில் பச்சையும் ரோஸும் கலந்த நெளிவு ஓடுகிறது. மோயரே என்கிறார்களே, அதுதான். புடவையில் அப்படி ஒரு நிறமே கிடையாது. ஒரு நெசவாளர் வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, சாயம் ஏறாத புடவை போலத் தெரிகிறது என்று வருத்தப்பட்டார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானது.

இப்போது திருச்சியில் ஒரு நண்பர் தன் மீடியம் ஃபார்மட் டிஜிட்டலை, அதாவது ஃபுல் ஃப்ரேமைவிடப் பெரிய சென்சார் உள்ள கேமராவை, விற்கிறார். 51 மெகாபிக்சல், 2017-ஐ ஒட்டி வந்த தலைமுறை, 63 மி.மீ. லென்ஸோடு. ஒரு வாரம் எடுத்துப்போய்ப் பார் என்கிறார். விலை எனக்குச் சின்னதல்ல. தை, மாசி இரண்டு மாத முகூர்த்தமும் ஓடினால் மிஞ்சுகிற பணம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மீடியம் ஃபார்மட் என்ற வார்த்தை எனக்குப் புதிதில்லை. அப்பா யாஷிகா மேட் 124ஜி-யில் எடுத்தவர். 120 ரோல், பன்னிரண்டு படம், ஒவ்வொன்றும் சதுரம். அந்த நெகட்டிவ்கள் இன்றும் வீட்டுப் பரணில் முறுக்கு டின்களில் இருக்கின்றன. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், குரூப் போட்டோவில் கடைசி வரிசையில் நிற்பவர் சட்டைப் பொத்தான் வரை தெரியும். அந்தத் தெளிவு டிஜிட்டலில் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் கேட்கிறேன்.

இந்தச் சென்சார்கள் எதில் கைவிடும்? நெளிவு போகுமா, அதிகமாகுமா? வைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

தம்பி, முதலில் பெயரைப் பற்றிய மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அப்பா நெகட்டிவ் 56×56 மி.மீ. பரப்பு 3136 சதுர மி.மீ. நீங்கள் பார்க்கும் பாடியின் சென்சார் 43.8×32.9, அதாவது 1441. அப்பா நெகட்டிவில் பாதிகூட இல்லை. உங்கள் ஃபுல் ஃப்ரேம் 864. ஃபுல் ஃப்ரேமிலிருந்து இதற்குத் தாண்டுவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்குக்கும் கொஞ்சம் குறைவு. ஒரே எக்ஸ்போஷரில் வெளிச்சம் முக்கால் ஸ்டாப் கூடும் (ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு). அது நல்லதுதான். ஆனால் 35 மி.மீ. ஃபிலிமிலிருந்து 120-க்குப் போனபோது கிடைத்த தாண்டல் இதில் இல்லை.

நான் இந்த வழிக்கு வந்தது பழைய சிசிடி பேக் ஒன்றோடு. சிசிடி என்பது பழைய வகைச் சென்சார், பேக் என்பது கேமராவின் பின்னால் மாட்டும் பெட்டி. 22 மெகாபிக்சல், 48×36 மி.மீ. சென்சார், பிக்சல் ஒவ்வொன்றும் 9 மைக்ரான். ஒரு குடும்பத்தில் வைத்திருந்த ஓலைச்சுவடிகளையும் தஞ்சாவூர் ஓவியங்களையும் எடுக்க வாங்கினேன். ஐ.எஸ்.ஓ. 50-ல், ஃப்ளாஷ் வெளிச்சத்தில், அது கொடுத்த நிறம் இன்றும் கண்ணில் நிற்கிறது. 200-ஐத் தாண்டினால் நிழலெல்லாம் மணல். அதைவிட மோசம் வெயில் காலம். சென்சாரில் வெளிச்சமே விழாதபோதும் வெப்பத்தால் கசியும் மின்னோட்டம் ஆறிலிருந்து எட்டு டிகிரி ஏறினால் இரட்டிப்பாகும். மார்கழியில் சுத்தமாக வந்த எட்டு செகண்ட் எக்ஸ்போஷர், அக்னி நட்சத்திரத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் புள்ளி புள்ளியாக வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸை மூடி ஒரு இருட்டுப் படம் எடுத்துக் கழித்துத்தான் காப்பாற்றினேன். நம் ஊரில் இதை யோசிக்காமல் யாரும் பழைய சிசிடி வாங்க வேண்டாம்.

2014-ல் ஃபேஸ் ஒன் ஐ.க்யூ.250, பென்டாக்ஸ் 645இசட் என்று சிமாஸ் என்ற புதிய வகைச் சென்சார் வந்ததும் அந்தக் கஷ்டம் பெரும்பாலும் தீர்ந்தது. உங்கள் நண்பருடையது அதற்கும் பிந்தியது. ஆகவே சூட்டைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அதன் பிரச்சினை வேகம். சென்சாரை மேலிருந்து கீழே ஒரு முறை படிக்கவே கிட்டத்தட்ட கால் செகண்ட் பிடிக்கும். எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/1000 என்று வைத்தாலும் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே அந்தக் கால் செகண்ட் இருக்கும். அதற்குள் நாட்டியக்காரர் கை எங்கேயோ போயிருக்கும். மெக்கானிக்கல் ஷட்டரில் அது இல்லை. ஆனால் ஃபோக்கல் பிளேன் ஷட்டர் இத்தனை பெரிய திரையை ஓட்ட வேண்டியிருப்பதால் ஃப்ளாஷ் சிங்க், அதாவது ஃப்ளாஷோடு எடுக்கக்கூடிய உச்ச வேகம், 1/125-ல் நின்றுவிடும். உச்சி வெயிலில் வயல் வரப்பில் ஜோடியை நிறுத்தி ஃப்ளாஷ் போட்டால் லென்ஸ் துவாரத்தை எஃப் 16-க்கு மேல் திறக்க முடியாது. ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசையில் ஷட்டர் லென்ஸுக்குள் இருப்பதால் 1/2000 வரை சிங்க் கிடைக்கும். ஆனால் வேறு கம்பெனி லென்ஸை அதில் அடாப்டரில் மாட்டினால் மறுபடி அந்த எலக்ட்ரானிக் ஷட்டர்தான் கதி.

உங்கள் வேலைக்கு மிக முக்கியமானது ஆழம், அதாவது முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் கூர்மையாக வரும் என்பது. இந்தச் சென்சாரில் எஃப் 8 என்பது உங்கள் ஃபுல் ஃப்ரேமில் எஃப் 6.3 கொடுக்கும் ஆழத்தைத்தான் கொடுக்கும். இரண்டடி நடராஜரைச் சட்டம் நிறைய எடுத்தால், பிக்சல் அளவில் கூர்மையாக இருப்பது எஃப் 11-ல் ஐந்தாறு சென்டிமீட்டர்தான். தூக்கிய திருவடிக்கும் பின்னால் திருவாசிக்கும் அதைவிட மூன்று, நான்கு மடங்கு தூரம். எஃப் 22-க்கு மூடினால் எல்லாம் ஒரே மாதிரி மங்கிவிடும். ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்து அடுக்குவதைத் தவிர வழியில்லை. அதற்குப் பொறுமை இருந்தால் உளிக்கோடு தெரியும்.

கல்யாணப்படம் (மயிலாடுதுறை)

அண்ணே, தாலி கட்டுகிற நேரத்தில் இதை நம்பாதீர்கள். நீங்கள் பார்க்கும் பாடியில் ஃபோகஸ் கான்ட்ராஸ்ட் முறையில் மட்டும்தான் வேலை செய்யும். முன்னே பின்னே ஓடித் தேடித்தான் நிற்கும். கெட்டிமேளம் கேட்டதும் எல்லோரும் அட்சதையோடு முன்னே வந்துவிடுவார்கள். நமக்குக் கிடைப்பது மூன்று செகண்ட். அதில் ஒரு செகண்டை ஃபோகஸுக்குக் கொடுக்க முடியாது. 2019-ல் ஃபூஜியின் ஜி.எஃப்.எக்ஸ் 100 வந்தபோதுதான், அப்படித் தேடாமல் நேராகப் போய் நிற்கும் ஃபேஸ் டிடெக்ஷன் சென்சாரிலேயே கிடைத்தது. அதன் விலையில் நான் இரண்டு நல்ல ஃபுல் ஃப்ரேமும் லென்ஸ்களும் வாங்கிவிடுவேன்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். அந்த 63 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ், ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 50 மி.மீ. எஃப் 2.2 போல. நம்மிடம் 50 மி.மீ. எஃப் 1.4 இருக்கிறது. இருட்டு மண்டபத்தில் பெரிய சென்சாரின் முக்கால் ஸ்டாப்பை அதுவே தாண்டிவிடும்.

அரசலாறு

நன்றி அண்ணே, இருவருக்கும். கல்யாணத்துக்கு இல்லை, நகராத பொருளுக்குத்தான். ஆனால் பாதிகூட இல்லை என்று படித்ததும் மனசு விட்டுப்போனது உண்மை. அப்பா நெகட்டிவ் அளவுக்கு ஏன் சென்சார் செய்வதில்லை? நெளிவு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

ஓடம்போக்கி (திருவாரூர்)

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். படம் எடுப்பது விடுமுறையில். சென்சார் அளவுக்கான காரணத்தை வாழை இலையில் வைத்துச் சொல்கிறேன், வகுப்பிலும் அப்படித்தான் சொல்வது.

காற்றடித்த தோட்டத்தில் இலை அறுக்கிறீர்கள். பத்து இடத்தில் கிழிசல். டிபனுக்குச் சின்னத் துண்டாக நறுக்கினால் கிழிசல் விழுந்த துண்டுகளைத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கட்டிவிடலாம். தலைவாழை இலையாகவே வேண்டும் என்றால், ஒரு கிழிசல் இருந்தாலும் முழு இலையும் பந்திக்கு ஆகாது. சிலிக்கான் தட்டும் அப்படித்தான். தட்டில் எங்கே பழுது விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. துண்டு பெரிதாகப் பெரிதாக, பழுது விழாத துண்டு கிடைப்பது வேகமாகக் குறையும். விலை பரப்பின் விகிதத்தில் ஏறுவதில்லை, அதைவிட வேகமாக ஏறுகிறது. இதற்கு மேல், சில்லுகளை அச்சிடும் இயந்திரம் ஒரே தடவையில் படியவைக்கக்கூடிய பரப்பு 26×33 மி.மீ. தான். ஃபுல் ஃப்ரேமே அதைத் தாண்டுகிறது. எனவே துண்டு துண்டாக அச்சிட்டு விளிம்போடு விளிம்பு பொருத்துகிறார்கள். 53.4×40 மி.மீ. சென்சார் ஃபேஸ் ஒன் ஐ.க்யூ.4-ல் இருக்கிறது, 150 மெகாபிக்சல். அதன் விலையைக் கேட்டால் நம் பக்கத்தில் நிலம் வாங்கலாமா என்று யோசிப்பீர்கள்.

ஒரு தகவல் உங்கள் முடிவுக்கு உதவும். 61 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம், 102 மெகாபிக்சல் 44×33, அந்த 150 மெகாபிக்சல், மூன்றிலும் பிக்சல் 3.76 மைக்ரான். ஒரு பிக்சலின் தரத்தில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். பரப்புதான் கூடுகிறது. 16 பிட், 14 பிட் என்று விளம்பரத்தில் வருவதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசி இரண்டு பிட் பெரும்பாலும் இரைச்சலைத்தான் துல்லியமாக அளக்கிறது.

இனி நெளிவு. ஒரு நூலும் அதன் இடைவெளியும் சேர்ந்த அகலத்துக்குக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். இல்லாவிட்டால் சென்சார் நூலைத் தவறாக எண்ணும், அந்தத் தவறுதான் நெளிவாகத் தெரிகிறது. நிறம் சேர்வதற்கும் காரணம் உண்டு. சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டும்தான் பார்க்கும். பேயர் என்ற அந்த அமைப்பில் சிவப்பு நாலு பிக்சலுக்கு ஒன்று, நீலமும் அப்படியே, பச்சை மட்டும் இரண்டு. எனவே சிவப்பும் நீலமும் சரியாக வர நூலுக்கு நாலு பிக்சல் தேவை. நீங்கள் பார்க்கும் பாடியில், நெளிவைத் தடுக்கப் படத்தை லேசாக மங்கவைக்கும் ஆன்டி-அலியாசிங் ஃபில்டர் கிடையாது. லென்ஸும் கூர்மை. நெளிவு கூடத்தான் செய்யும், குறையாது. புடவையில் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்று நெசவாளரிடம் எண்ணித் தரச் சொல்லுங்கள். அதை வைத்து எவ்வளவு அகலம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுவிட்டே கேமராவைத் தொடலாம்.

அரசலாறு

பதினொரு நாள் கழித்து வருகிறேன். பாடி ஒரு வாரம் என்னிடம் இருந்தது. எடுத்ததையெல்லாம் இப்போதுதான் பார்த்து முடித்தேன்.

முதல் நாள் பட்டு. திருபுவனத்தில் தெரிந்த நெசவாளர் வீட்டுக்குப் போய், அவர் பூதக்கண்ணாடியில் நூல் எண்ணினோம். அவர் எண்ணி, நான் எண்ணி, அவர் மகளும் எண்ணினாள். அங்குலத்துக்கு நூறு. அதாவது நூலுக்கு கால் மி.மீ. முந்தானையின் முழு அகலம் 1.2 மீட்டரை 8256 பிக்சலில் எடுத்தால் பிக்சலுக்கு 0.145 மி.மீ. நூலுக்கு இரண்டு பிக்சல்கூட இல்லை. எஃப் 8-ல் எடுத்தேன். பேராசிரியர் சொன்னபடியே நெளிவு வந்தது, என் பழைய பாடியைவிடப் பளிச்சென்று. அகலத்தைப் பாதியாக்கி 60 சென்டிமீட்டராக எடுத்தேன். பிக்சலுக்கு 0.073, நூலுக்கு மூன்றரைப் பிக்சல் வருகிறது. நெளிவு ஏறக்குறைய போய்விட்டது. மிச்சம் இருந்த லேசான ரோஸ் பட்டைக்கு எஃப் 16 வைத்தேன். வெளிச்சம் விலகி மங்குவதே இங்கே வடிகட்டியாக வேலை செய்கிறது. சுத்தமாகிவிட்டது. பிறகு இரண்டு துண்டையும் ஒட்டி, கொஞ்சம் கூர்மை ஏற்றினேன். அரக்கு உடலில் மாம்பழ மஞ்சள் கரை, அதன் நிறத்திலேயே நின்றது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து அதே புடவையை என் 24 மெகாபிக்சலில் மூன்று துண்டாக எடுத்து ஒட்டிப் பார்த்தேன். அதிலும் நெளிவு இல்லை. ஏழு வருடம் நான் பாடியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நூல் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பட்டுக்காக இதை வாங்கத் தேவையில்லை.

இரண்டாம் நாள் சுவாமிமலை. அதே ஸ்தபதி, அதே நடராஜர். பட்டறையில் எல்.இ.டி. டியூப். அதிர்வு வேண்டாம் என்று எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/200 வைத்ததும் படம் முழுக்க இருட்டு வரி விழுந்தது. எண்ணினேன். இருபத்தைந்து. நம் மின்சாரத்தில் விளக்கு செகண்டுக்கு நூறு தடவை துடிக்கும், சென்சார் படிக்கும் நேரம் கால் செகண்ட். வெண்ணாறு அண்ணன் சொன்ன கால் செகண்டைக் கண்ணால் பார்த்தேன். 1/50-க்கு மாற்றியதும் வரிகள் மறைந்தன. கடைசியில் டியூப்களை அணைத்துவிட்டு, என் இரண்டு ஃப்ளாஷைத் துணி வழியாக அடித்து, மெக்கானிக்கல் ஷட்டரில் எடுத்தேன்.

ஃபோகஸ் அடுக்கு ஒன்பது படம். பட்டறையில் தேய்க்கிற ஆட்கள் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் அரம் போட்டால் தரை அதிரும். அங்கே ரயில் தொல்லை இல்லை, என் ஸ்டுடியோவில் என்றால் ஒவ்வொரு வண்டிக்கும் நிறுத்த வேண்டியிருந்திருக்கும். வீட்டில் சேர்த்துப் பார்த்தபோது நிழல்களில் இருந்த செய்திதான் என்னை முதலில் ஆச்சரியப்படுத்தியது. முயலகன் முகம் பாதி இருட்டில் இருந்தது. மூன்று ஸ்டாப் ஏற்றினேன், உலோகத்தின் செம்பு நிறம் அழுக்கில்லாமல் மேலே வந்தது. புருவத்தில் உளிக்கோடு இருக்கிறது. ஒரு கோடு அல்ல, ஐந்தாறு மெல்லிய வெட்டுகள் வரிசையாக.

லேப்டாப்பை ஸ்தபதியிடம் கொண்டுபோனேன். புருவத்தைப் பார்த்தார், தலையசைத்தார். பிறகு தானே பெரிதாக்கி, ஒவ்வொரு கையாகப் போய், இடது மேல் கையின் அடிப்பக்கத்தில் நிறுத்தினார். அங்கே அரத்தின் கீறல் தேயாமல் இருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை. சிலையை இறக்கச் சொல்லி, மறுபடி தேய்க்கக் கொடுத்துவிட்டார். கப்பலுக்கு இன்னும் நாள் இருந்தது நல்லதாயிற்று. தேய்த்தபின் மறுநாள் போய் இன்னொரு ஒன்பது படம் எடுத்தேன். ஒரு படம் ஏறக்குறைய 100 எம்.பி., ஒரு சிலைக்கு ஒரு ஜி.பி. என் கம்ப்யூட்டர் அதைச் சேர்க்க இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது.

விளக்கில் சொல்வதற்கு அதிகம் இல்லை. பித்தளையில் சாஃப்ட்பாக்ஸின் பிரதிபலிப்பைச் சமாளிப்பதுதான் அங்கே வேலை. சென்சார் எதுவானாலும் அது ஒன்றுதான்.

இங்கே வரைக்கும் என் முடிவு, வாங்க வேண்டாம் என்பது. சிலை வேலை வருடத்துக்கு ஐந்தாறு வரும், அதற்கு நண்பரிடம் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். திருப்பிக் கொடுக்கப் போகும் முந்தின இரவு பரணில் இருந்து முறுக்கு டின் ஒன்றை இறக்கினேன். சும்மா பார்க்கத்தான். மூடியைத் திறந்ததும் புளித்த வாசனை. மேலே இருந்த சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சிலவற்றில் பூஞ்சை முகம் வரை வந்துவிட்டது. மகாமகக் கூட்டம் 1980-ல் எடுத்தது, காவிரியில் தண்ணீர் கரைதொட்டு ஓடிய ஆடிப்பெருக்குகள், எத்தனையோ வீட்டுக் கல்யாணம். இருபத்து மூன்று டின். இந்த ஈரக் காற்றில் இன்னும் பத்து மழைக்காலம் தாங்காது.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 56 மி.மீ. சதுரத்தை இந்தச் சென்சாரின் குறுகிய பக்கத்தில் அடக்கினால் 6192×6192 பிக்சல். அங்குலத்துக்கு 2800. என் 24 மெகாபிக்சலில் 4000×4000, அங்குலத்துக்கு 1800. நெகட்டிவ் தட்டை, ஆழம் தேவையில்லை. நகராது, கால் செகண்ட் ஒரு பொருட்டில்லை. ஃபோகஸ் ஒரு தடவை கையால் வைத்தால் போதும். கீழே இருந்து வெளிச்சம் வேண்டிய அளவு. நீங்கள் எல்லோரும் சொன்ன குறைகளில் ஒன்றுகூட இந்த வேலையைத் தொடவில்லை. துண்டு துண்டாக எடுத்து ஒட்டலாமே என்று கேட்பீர்கள். ஒரு புடவைக்குச் செய்யலாம், ஆயிரக்கணக்கான நெகட்டிவுக்கு முடியாது.

அதனால் வாங்கிவிட்டேன். பாதிப் பணம் இப்போது, மீதி மாசி முடிந்ததும். கேட்க வேண்டியது ஒன்று: 63 மி.மீ. லென்ஸ் இவ்வளவு கிட்டே வராது. லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் போதுமா, கிட்டே எடுக்கவென்றே செய்த மேக்ரோ லென்ஸ்தான் வேண்டுமா? கீழே எல்.இ.டி. பலகை வைத்தால் அந்த இருபத்தைந்து வரி மறுபடி வருமா?

வெண்ணாறு

தம்பி, நல்ல காரியம். டியூபில் தொடங்கலாம், ஆனால் ஓரங்கள் மங்கும். கடைசி வரிசைப் பொத்தான் ஓரத்தில்தானே இருக்கிறது? சட்டென்று மேக்ரோ வாங்க முடியாவிட்டால், பழைய என்லார்ஜர் லென்ஸ் ஒன்றைப் பெல்லோஸில் (நீட்டிச் சுருக்கும் மடிப்புக் குழாயில்) மாட்டிப் பாருங்கள். நெகட்டிவிலிருந்து பேப்பருக்கு, தட்டையிலிருந்து தட்டைக்குக் கொடுக்கவே செய்த லென்ஸ் அது. அப்பாவின் டார்க் ரூம் சாமானில் 75 அல்லது 80 மி.மீ. ஒன்று இருந்தே ஆக வேண்டும். சதுர நெகட்டிவுக்கு அதைத்தான் போட்டிருப்பார். பூஞ்சை இல்லையா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பலகைக்குப் பதில் பால் நிற அக்ரிலிக் வைத்து, அடியில் உங்கள் ஃப்ளாஷையே அடியுங்கள். வரியும் இல்லை, ரயில் அதிர்வும் இல்லை. எஃப் 8. சுருண்ட நெகட்டிவுக்கு மேலே சாதாரணக் கண்ணாடி வைக்காதீர்கள், வளையம் வளையமாக நிறம் விழும். ஆன்டி-நியூட்டன் கண்ணாடி என்று கேட்டு வாங்குங்கள்.

ஒட்டிக்கொண்ட சுருள்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம். அந்த டின்களை முதலில் பரணிலிருந்து இறக்கி, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிட்டு, பூஞ்சை பிடித்ததை மட்டும் தனியாக வையுங்கள். ஐப்பசி மழை வருவதற்குள் அது முடிய வேண்டும். படம் எடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அரசலாறு

லென்ஸ் இருக்கிறது அண்ணே. 75 மி.மீ., சந்தனப் பவுடர் டப்பாவுக்குள் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறார். டார்ச் அடித்தேன், சுத்தமாக இருக்கிறது. டின்களை ஞாயிற்றுக்கிழமை இறக்குகிறேன்.